செல்வி கோயிலுக்குப் போயிருக்கிறாள்

மைக் கிளம்பிவிட்டது. முதல் வரிசையில் ஜன்னலோரம் இருந்த கண்ணாடிக்காரப் பெண் அதை வாங்கி, பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், எப்போது விட்டாள் என்பதைச் சொன்னாள், "அவ்வளவுதான்" என்று பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டாள். இங்கே இதுதான் வழக்கமாம். பேரு, ஊரு, எப்போ விட்டீங்க. எதை என்று யாரும் கேட்பதில்லை. சாமியைத்தான். என்னமோ பீடியை விட்டதைச் சொல்வதுபோலச் சொல்கிறார்களே என்று, கடைசி வரிசையில் ஒரு தடித்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்த பகலவனுக்குச் சுருக்கென்றது. கடவுள் மறுப்பு என்பது விடுகிற சமாச்சாரமா? அது அடைகிற சமாச்சாரம் ஐயா. படித்து, வாதம் செய்து, தெருவில் கல்லடி பட்டு அடைகிற சமாச்சாரம். இதை இப்போதே எழுந்து சொல்லலாம். எங்கே சொல்வது? எழுந்தால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற செல்வி திரும்பிப் பார்ப்பாள். செல்வி அவருடைய மனைவி. இந்த நேரத்துக்குக் கோயிலில் இருக்க வேண்டியவள். "கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றேங்க, மாவு வெளிய இருக்கு, எடுத்து உள்ள வச்சிருங்க" என்று சாயங்காலம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதைத்தான் சொல்கிறாள். அவரும் பெரிய மனது பண்ணி, "போயிட்டு வா, உன் சாமிய நான் கேட்டேன்னு சொல்லு" என்று கிண்டலடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். சாமி கும்பிடுகிற புருஷனுக்குப் பயந்தவள் நாத்திகக் கூட்டத்துக்குப் போக, கோயிலுக்கு என்று பொய் சொல்லலாம். அதில் ஒரு நியாயம் உண்டு. நாத்திகனையே கட்டிக்கொண்டவள், நாத்திகக் கூட்டத்துக்குப் போக, எதற்குக் கோயிலுக்கு என்று பொய் சொல்ல வேண்டும்? வியாழக்கிழமையிலிருந்து இந்தக் கேள்வி அவர் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

வியாழக்கிழமைதான் அந்தப் போட்டோ வந்தது. அனுப்பியவன் சிகாமணி. பழைய தோழன். ஒரு காலத்தில் பகலவனின் பகுத்தறிவு மன்றத்துக்குச் செயலாளர், துண்டறிக்கை ஒட்ட, பசை காய்ச்ச, மைக் செட்டுக்காரரிடம் கெஞ்ச, எல்லாம் அவன்தான். இப்போது அவனும் இங்கேதான் வருகிறான் என்பதே அந்தப் போட்டோ வந்த பிறகுதான் தெரிந்தது. துரோகி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான அழைப்பையும் சேர்த்து அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: ‘உங்க வீட்டம்மா கலக்குறாங்க தோழர்.’ சத்திரம் பேருந்து நிலையம். பின்னால் ஒரு பழக்கடை. முன்னால் ஏழெட்டுப் பேர், அதில் நடுநாயகமாகச் செல்வி, ஊதா நிறப் புடவை, கையில் ஓர் அட்டை. ‘நான் சாமி கும்பிடுறதில்ல. என்கிட்ட என்ன வேணா கேளுங்க.’ அட்டையில் எழுதியிருந்ததை அவர் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து மூன்று தடவை படித்தார். அதுகூடப் பெரிதில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. கடைவாய்ப் பல் தெரிய, கண் இடுங்கி, கழுத்து நரம்பு புடைக்க, யாரோ பக்கத்தில் நல்லதாக ஒன்று சொல்லிவிட்டதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் முன்னால் இவள் இப்படிச் சிரித்திருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தார். டிவி பார்த்துச் சிரிப்பாள், மகள் கோயமுத்தூரிலிருந்து போனில் பேசும்போது சிரிப்பாள். இந்தச் சிரிப்பு இல்லை. வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் சும்மா இல்லை, பச்சை மிளகாயைக் கடித்து விழுங்கியதுபோல எரிந்தது. இன்னொரு ஆம்பளையோடு பார்த்திருந்தால்கூட இதைவிடத் தேவலாம் என்று தோன்றியது. அதற்காவது கோபப்பட ஒரு முறை இருக்கிறது, கேட்பவனும் ஆமாம் என்பான். இதை வெளியில் போய் யாரிடம் சொல்வது? என் பொண்டாட்டி என்னை ஏமாற்றிவிட்டு நாத்திகம் பேசப் போகிறாள் என்றா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

முதல் வரிசை பாதி முடிந்துவிட்டது. ஒருத்தர் வங்கிக்காரர், கல்லூரியில் விட்டாராம். ஒருத்தி நர்ஸ், இன்னும் முழுசா விடலை, பாதிதான் விட்டிருக்கேன், பரவாயில்லையா என்று கேட்டாள், எல்லோரும் சிரித்துப் பரவாயில்லை என்றார்கள். எப்படிப் பரவாயில்லை? பாதி விடுவதாவது! பகலவனின் மன்றத்தில் இப்படி ஒருத்தி கேட்டிருந்தால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு வகுப்புத்தான். அதனால்தான் ஒருத்தியும் வரவில்லையோ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அதை உடனே ஒரு தட்டுத் தட்டினார். நிறைமதி என்கிற பெண், அவள்தான் இதையெல்லாம் நடத்துகிறவள், முன்னால் மேசையின் விளிம்பில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிசியோதெரபி பார்க்கிறவளாம். முப்பது வயது இருக்குமா? இருக்காது. தலைமை இல்லை, வரவேற்புரை இல்லை, சால்வை இல்லை. டியூஷன் சென்டர் மாடி. வெள்ளைப் பலகையில் யாரோ பாதி அழித்த கணக்கு. அதற்குக் கீழே ‘சாமியில்லாத சாயங்காலம்’ என்று கலர் பேனாவில் எழுதி, ஒரு பூ வேறு வரைந்திருக்கிறார்கள். பூ! இதற்கா இவ்வளவு கூட்டம்? நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, அதற்கு ஒரு தடியன் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருக்கிறான். பகலவன் ஒரு புழுவைப்போல நெளிந்தார். இந்த ஊரில் இதைத் தொடங்கியவர் யார்? உறையூர் கடைத்தெருவில் தார் டின்னின்மேல் ஏறி நின்று கடவுள் இல்லை என்று கத்தியவர் யார்? மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே, மெமோ வாங்கிக்கொண்டே, ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டம் போட்டவர் யார்? எரிகிற சூடத்தை நாக்கில் வைத்துக் காட்டியிருக்கிறார், வெறுங்கையில் விபூதி வரவழைத்துக் காட்டியிருக்கிறார், இதெல்லாம் தந்திரம், சாமியார்கள் உங்களை ஏய்க்கிறார்கள் என்று தொண்டை கிழிய விளக்கியிருக்கிறார். ஒரு தடவை விபூதி வந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் ஓடிவந்து சாஷ்டாங்கமாக அவர் காலில் விழுந்து, சாமி, எம்புள்ளைக்குக் கொஞ்சம் குடுங்க என்று அழுதது. அவர் விளக்க விளக்க அது கேட்கவே இல்லை, அவர் கையிலிருந்ததை வழித்துக்கொண்டு போய்விட்டது. அவர் சேர்த்த ஒரே ஆள் அது என்று சிகாமணி வெகுநாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். கூட்டத்துக்குத் தவறாமல் வந்தது யார் என்றால் உளவுப் பிரிவுப் போலீஸ்காரர் ஒருத்தர்தான். குறிப்பெடுக்க வருவார். போகப்போக அவருக்குப் பேச்சே மனப்பாடமாகி, பகலவன் ஓர் இடத்தை விட்டுவிட்டால், சார், அந்த விநாயகர் பால் குடிச்ச விஷயம் வரலையே என்று கீழேயிருந்து எடுத்துக் கொடுப்பார். அவ்வளவு கூட்டம்தான். அதற்கு அவ்வளவு பாடு. இவள் என்னடாவென்றால் காலை ஆட்டிக்கொண்டு, எப்போ விட்டீங்க என்கிறாள், ஜனம் சாரை சாரையாக வந்து சொல்லுகிறது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கூட இருக்க ஆள் அனுப்புகிறார்களாம். யார் வீட்டிலாவது சாவு விழுந்து சடங்கு வேண்டாம் என்றால் இவர்களே போய்க் கூட நிற்கிறார்களாம். நடக்கட்டும், நடக்கட்டும். பகலவனின் தம்பி செத்தபோது சுடுகாட்டில் ஐயர் வேண்டாம் என்று அவர் ஒற்றை ஆளாக நின்று சொந்தக்காரர்களோடு மல்லுக்கட்டினாரே, அன்றைக்கு இவர்கள் எங்கே போனார்கள்? அன்றைக்கு இவளெல்லாம் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜைக்குப் பொரி தின்றுகொண்டிருந்திருப்பாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. காதைக் கொடுத்தார். பேரு முத்தரசி, ஊரு லால்குடி, பேரு முத்தரசி, ஊரு லால்குடி. ஒத்திகை. நெற்றியில் குங்குமம், மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தது, முதல் தடவை வந்திருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் பார்ப்பதைப் பார்த்து, "கடைசியா நாமதான் பேசணும் போல, எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று மெல்லச் சொன்னது. அவர் தலையாட்டிவைத்தார். தைரியமாப் பேசுங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஆனால் அதற்குள் மைக் இரண்டாம் வரிசைக்குத் திரும்பிவிட்டது. செல்வியின் பின்கழுத்து தெரிந்தது. பக்கத்தில் இருந்த சின்னப்பெண் ஒருத்தி அவள் தோளில் கை போட்டிருந்தாள், அவ்வளவு உரிமையாக. செல்வி அவள் காதில் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் குலுங்கினார்கள். என்ன சொன்னாள்? அவரைப் பற்றியா? இந்த மூன்று மாதத்தில் அவரைப் பற்றி இங்கே என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்? எங்க வீட்டுக்காரர் பெரிய பேச்சாளர் என்றா? அப்படிச் சொல்லியிருந்தால் நிறைமதி வாசலில் அவரைப் பார்த்ததும் ஐயா வாங்க என்று எழுந்திருக்க மாட்டாளா? வாசலில் அவள் முகம் தெரியாத யாரோ ஒருத்தருக்குச் சொல்கிற மாதிரி, "வாங்க, எங்க வேணா உக்காருங்க" என்றாள். எங்க வேணா! பகலவனைப் பார்த்து!

போன ஞாயிற்றுக்கிழமை செல்வி நெற்றியில் விபூதிக் கீற்றோடு வீட்டுக்கு வந்தது இப்போது நினைவுக்கு வந்து அவரை அறைந்தது. அவரை நம்பவைக்க, ஒரு நாத்திகனை நம்பவைக்க, நாத்திகக் கூட்டத்திலிருந்து வருகிறவள் தெருமுனையில் நின்று விபூதி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதை அவர் டீக்கடையில் எவ்வளவு பெருமையாகச் சொன்னார்! என் துணைவியார் கோயிலுக்குப் போகிறார், நான் ஒரு வார்த்தை தடுப்பதில்லை, பெண் விடுதலை என்று பேசுகிறவன் வீட்டில் அதைச் செய்து காட்ட வேண்டாமா என்று. டீக்கடைக்காரர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, நீங்க பெரிய மனுஷன் சார் என்றார். தூ. கல்யாண நாளும் நினைவுக்கு வந்தது. சுயமரியாதைத் திருமணம், தாலி இல்லை, மாலை மாற்றினார்கள். தலைமை தாங்கியவர் பெண்ணின் பெயர் பழனியம்மாளா, அது வேண்டாம், இன்றிலிருந்து அறிவுச்செல்வி என்று மைக்கிலேயே மாற்றினார், கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவள் தலை குனிந்து நின்றாள். வெட்கம் என்று அவர் நினைத்தார். அப்புறம் ஐந்தாறு கூட்டத்துக்கு வந்தாள், முன் வரிசையில் உட்காருவாள். அவரும் விடாமல் மேடையிலிருந்து கை நீட்டி, இதோ இருக்கிறாரே, பழனியம்மாளாக என் வீட்டுக்கு வந்தார், அறிவுச்செல்வியாக ஆக்கியிருக்கிறேன், இன்னும் பாதிதான் திருந்தியிருக்கிறார், மீதியையும் திருத்துவேன் என்பார். ஜனம் கொல்லென்று சிரிக்கும், திரும்பி அவளைப் பார்க்கும். அதில் எவ்வளவு மரியாதை! அதற்குப் பிறகு அவளுக்குக் கூட்டம் என்றாலே தலைவலி வந்துவிட்டது. தலைவலி என்றுதான் சொன்னாள். அவரும் நம்பினார்.

"பேரு பழனியம்மா" என்றது மைக்.

அந்தக் குரலை அவருக்கு அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்தது. வீட்டில் அவள் பேசுகிற குரல் அடுப்படியிலிருந்து வருகிற குரல். இது வேறு, நிதானமாக, கொஞ்சம் கீச்சென்று, இளம்பெண்ணின் குரல்போல இருந்தது. பழனியம்மாவா? பழனியம்மா எங்கே இருந்து வந்தாள்? ரேஷன் கார்டில்கூட அறிவுச்செல்வி ஆயிற்றே! "முன்னயே சொல்லிருக்கேன், ஆனா இன்னைக்கிப் புதுசா நெறயப் பேர் வந்திருக்கீங்க, அதனால திரும்பவும் சொல்றேன். உறையூரு. பேருல சாமி இருக்கேன்னு இங்க ஒரு பாப்பா கேட்டுச்சு. இருந்துட்டுப் போவட்டும், எங்கப்பா ஆசையா வச்ச பேரு. நடுவுல வேற பேரு வச்சாங்க, அது எனக்கு ஒட்டல." கூட்டம் சிரித்தது. பகலவனுக்குக் காது மடல் கொதித்தது. "எப்ப விட்டேன்னா, எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. காதுல போட்டிருந்த தோடு கொளத்துல வுழுந்துருச்சு. எங்கப்பாவுக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. ராவெல்லாம் படுத்துக்கிட்டு, சாமி, நான் அடி வாங்கக் கூடாது, நான் அடி வாங்கக் கூடாதுன்னு வேண்டுனேன். பலிச்சிருச்சு." மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "காலைல எங்கப்பா, என் தம்பிதான் தோட்ட எடுத்து வித்துப் பம்பரம் வாங்கிட்டான்னு முடிவு பண்ணி, அவனைப் போட்டு அடிச்சாரு. வெளக்குமாறு பிய்ஞ்சு போச்சு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு, சாமி என்னையக் காப்பாத்திருச்சுன்னு சந்தோஷப்பட்டேங்க. நெசமாவே சந்தோஷப்பட்டேன். அப்புறம் அவன் அழுவுறதப் பாத்தேன். இப்படிப்பட்ட ஒதவி பண்ற சாமி நமக்கு எதுக்குன்னு அன்னைக்கி விட்டதுதான். வீட்டுல யாருகிட்டயும் சொன்னதில்ல. யாரும் கேக்கவும் இல்ல. அவ்வளவுதான்."

யாரும் கேக்கவும் இல்ல. யாரும் என்றால் யார்? வீட்டில் இருப்பது இரண்டே பேர். பகலவனுக்கு நாற்காலி சூடாக இருந்தது. பன்னெண்டு வயசு! அவர் இருபத்திரண்டு வயதில், ஒரு பொதுக்கூட்டத்தில் சுண்டல் வாங்க நின்ற இடத்தில் காதில் விழுந்த பேச்சைக் கேட்டு மாறியவர். அதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறார், என் வாழ்க்கையின் திருப்புமுனை என்று. அவளுக்குப் பன்னெண்டு வயதில் எல்லாம் முடிந்திருக்கிறது. எந்தப் பேச்சும் கேட்காமல், ஒரு துண்டறிக்கையும் படிக்காமல், கதவுக்குப் பின்னால் நின்று, தானாக. அப்படியானால் அவர் யாரைத் திருத்திக்கொண்டிருந்தார் இத்தனை காலம்? வேண்டினது பலிக்கவில்லை என்று விட்டவர்களை அவர் கோடிப்பேரைப் பார்த்திருக்கிறார். பலித்ததற்காக விட்ட ஒருத்தியைப் பார்த்ததில்லை. என்ன கதை! இந்தக் கதை மட்டும் அவர் கையில் இருந்திருந்தால் ஊர் ஊராகச் சொல்லியிருப்பாரே, ஜனம் அழுதிருக்குமே! அவர் வீட்டுக் கூரைக்குக் கீழேயே, அவருக்குச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்த கதை. அதைக் கொண்டுவந்து, காலாட்டிக்கொண்டிருக்கிற இந்தப் பொடிசிடம் கொடுத்துவிட்டாளே. நிறைமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொள்வாள், ஏன் துடைத்துக்கொள்ள மாட்டாள், ஓசியில் கிடைத்ததுதானே. இவள் கேட்டாள், அவள் சொன்னாள். அவ்வளவுதான் விஷயம். கேட்டிருந்தால் என்னிடமும் சொல்லியிருப்பாள் என்று நினைத்தவர், அந்த நினைப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். நினைத்துப் பார்த்தால் அவர் ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார் அவளிடம், வாழ்நாள் முழுக்க. என் பேச்சு எப்படி இருந்தது?

மைக் மூன்றாம் வரிசைக்கு வந்தது, நான்காம் வரிசைக்கு வந்தது. ஒரு முடிவுக்கு வந்தார். பேசக் கூடாது. மைக் வந்தால் வாங்கி, அப்படியே அந்த லால்குடிப் பிள்ளையிடம் தள்ளிவிட வேண்டும். கூட்டம் கலையும்போது படியில் முதலில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்து, மாவை உள்ளே எடுத்துவைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அவள் விபூதியோடு வருவாள். சாமி நல்லாருக்கா என்று கேட்க வேண்டும், வழக்கம்போல. நல்லாருக்கு என்பாள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமை அவளோடு இருக்கட்டும். இது அவளுக்கு வேண்டியிருக்கிறது, அந்தக் கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிகிறது. இப்படி முடிவெடுத்ததும் அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. பெரிய மனுஷன்தான் நான். ஆனால் பேசாமல் போனால், கரண்டு பில் கட்டுகிற வரிசையில் நிற்கிற ஆள்போல வந்துவிட்டுப் போனால், இந்த ஊரில் பகலவன் என்று ஒருத்தன் இருந்தான் என்பது இவர்களில் ஒருவருக்கும் தெரியாமலே போய்விடுமே என்று இன்னொரு பக்கம் பிறாண்டியது. தெரியாவிட்டால் என்ன? தெரியட்டும் என்றா செய்தாய்? ஆமாம், தெரியட்டும் என்றுதான் செய்தேன், போ! மைக் தடித்த மனிதரிடம் வந்தது. அவர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. அவ்வளவுதான் என்றார், பின்னால் திரும்பி நீட்டினார். பகலவன் வாங்கினார். தலையைத் தாழ்த்தியபடியே லால்குடிப் பிள்ளையின் பக்கம் நீட்டினார். அந்தப் பிள்ளையும் கையை நீட்டிவிட்டது.

"ஐயா, நீங்க பேசலையா?" என்றாள் நிறைமதி முன்னாலிருந்து, சிரித்த முகமாக, நல்ல மனதோடுதான். "கூச்சப்படாதீங்கய்யா. புதுசா?"

புதுசா! நீட்டிய கை தானாகத் திரும்பி வந்தது. எழுந்து நின்றதும் தெரியவில்லை. "பெரியோர்களே, தாய்மார்களே, அன்புத் தோழர்களே" என்று அவர் வாய் ஆரம்பித்துவிட்டது, அதைப் பிடித்து நிறுத்த அவருக்கே வழி தெரியவில்லை, இரண்டாம் வரிசையில் அந்தத் தலை திரும்புவதைப் பார்த்தார், அந்த முகத்தில் இருந்த சிரிப்பு அடுப்பை அணைத்ததுபோல அணைந்ததையும் பார்த்தார், பார்த்துக்கொண்டே பேசினார். தார் டின்னைச் சொன்னார், கல்லடியைச் சொன்னார், மெமோவைச் சொன்னார், சூடத்தைச் சொன்னார், விநாயகர் பால் குடித்ததைச் சொன்னார். குரல் பழைய ஏற்ற இறக்கத்தில் தானாக ஏறி இறங்கியது. முதலில் ஜனம் ஆர்வமாகத்தான் கேட்டது. சிகாமணி சுவரோரம் நின்று தலையைச் சொறிந்தான். விடுகிற சமாச்சாரமா, அடைகிற சமாச்சாரமா என்று விளக்கினார். யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். குழந்தை அழுதது, அதன் அம்மா வெளியே தூக்கிக்கொண்டு போனாள். போதும், உட்கார், அவ்வளவுதான் என்று சொல், ஒரு வார்த்தைதானே என்று உள்ளே கெஞ்சியது, அந்த வார்த்தை மட்டும் நாக்குக்கு வரவில்லை. வந்தது வேறு. கை நீண்டது, விரல் இரண்டாம் வரிசையைக் காட்டியது. "இதோ சற்று முன் பேசினாரே பழனியம்மாள், அவர் வேறு யாருமல்ல தோழர்களே, என் துணைவியார்! அறிவுச்செல்வி என்று பெயர் மாற்றி, இந்தக் கொள்கைக்கு அழைத்து வந்தவன் இந்தப் பகலவன்!" எல்லாத் தலையும் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் தோளில் இருந்த கையை அந்தச் சின்னப்பெண் ஏனோ எடுத்துக்கொண்டாள். கைதட்டுகிறார்களா என்று பார்த்தார். இரண்டொருவர் தட்டினார்கள், அவர்களும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அப்புறமும் பேசினார். நன்றி வணக்கம் என்று முடித்தபோது இரண்டாம் வரிசையில் செல்வியின் நாற்காலி காலியாக இருந்தது.

"நன்றிங்கய்யா" என்றாள் நிறைமதி. குரலில் குறையொன்றும் இல்லை. "ஹால் விடணும், டைம் ஆயிருச்சு. முடிச்சுக்குவோமா?" பக்கத்திலிருந்த லால்குடிப் பிள்ளை பையை எடுத்துக்கொண்டு எழுந்தது. "பரவால்லைங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனது. பகலவன் கையில் மைக் இருந்தது. யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நாற்காலியில் வைத்தார்.

பஸ் ஸ்டாப்பில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். வியாழக்கிழமையிலிருந்து சேர்த்துவைத்த வார்த்தையெல்லாம் இருந்தது, கேட்கத்தான் வாய் திறந்தார், ஆனால் வந்தது கெஞ்சலாக வந்தது. "எதுக்கு செல்வி என்கிட்டப் பொய் சொன்ன? நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? நான் தடுத்திருப்பேனா?"

"தடுத்திருக்க மாட்டீங்க."

"பின்ன?"

"கூட வந்திருப்பீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "கோயில்னு சொன்னாத்தான் பின்னாடியே வர மாட்டீங்க. இந்த ஊருல நீங்க வராத எடம் அது ஒண்ணுதான்."

உறையூர் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. ஜனம் முன்னால் நகர்ந்தது. பகலவன் அவசர அவசரமாக, "அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல. சத்தியமா வரல. நீ மட்டும் போ, பழனியம்மான்னே போ" என்றார்.

"இனிமே எப்படிங்க போறது? அங்க நான் பகலவன் சம்சாரம்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

பஸ் வந்து நின்றது. செல்வி கம்பியைப் பிடித்துப் படியில் ஒரு காலை வைத்தவள், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"கோயிலுக்குத்தான் போவணும். நெசமாவே."